தோட்டத்தைக் காக்கச் சொன்ன அதே வார்த்தை

வணக்கம் நேயர்களே. இயற்கை புனிதமானது, உயிருள்ளதுன்னு ஒரு கிறிஸ்தவர் சொன்னா சர்ச்சுலயே சில பேர் பதறிப் போயிடுவாங்க, படைப்பையே கும்பிடுறதுல போய் முடியுமோன்னு பயம். அந்தப் பயத்துல நியாயம் இருக்கு, படைச்சவர் வேற படைப்பு வேறங்கறதுல எனக்கும் மாத்துக்கருத்து கிடையாது. ஆனா வேதத்தை நிதானமா வாசிச்சுப் பாருங்க, மரமும் மலையும் சும்மா கிடக்குற சாமான் இல்ல. 148ஆம் சங்கீதம் சூரியன், உறைபனி, பெருங்காத்து, கனிமரம், ஊருற பிராணின்னு ஒவ்வொண்ணா கூப்பிட்டு கர்த்தரைத் துதிங்கன்னு சொல்லிட்டு, மனுஷங்ககிட்ட கடைசியாதான் வருது.

"ஆண்டுகொள்ளுங்கள்"னு ஆதியாகமம் 1ல இருக்கேன்னு கேப்பாங்க. இருக்கு. அடுத்த அதிகாரம் 15ஆம் வசனத்துல மனுஷனை ஏதேன் தோட்டத்துல "பண்படுத்தவும் காக்கவும்" வைத்தார்னும் இருக்கே, அந்த "காக்க"ங்கறதுக்கு எபிரேயத்துல ஷாமார்னு ஒரு சொல், எண்ணாகமம் 6:24ல "கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்"னு வருதில்ல, அங்கயும் அதே சொல்தான். ஆராதனை முடியும்போது நாம தலை குனிஞ்சு வாங்கிக்கிறோமே ஒரு காவல், அதையேதான் மண்ணுக்கும் கொடுக்கச் சொல்லியிருக்காரு. இதைத் தெரிஞ்சுகிட்ட அன்னைக்கு ரொம்ப நேரம் எனக்கு வேற எதுவும் ஓடல.

இத்தாலியில வாழ்ந்த துறவி அசிசி பிரான்சிஸை எல்லாருக்கும் தெரியும். 1225 வாக்குல கண் நோய் முத்தி, வெளிச்சம் பட்டாலே வலிக்குற நிலைமைலதான் அவரு சூரியனை சகோதரன்னும் தண்ணியை சகோதரின்னும் பாடினாரு. அப்புறம் வைத்தியத்துக்காக முகத்துல சூடு போட இரும்பைக் காய்ச்சினப்போ, நெருப்பைப் பார்த்து சகோதரா, கொஞ்சம் தயவா நடந்துக்கோன்னு கேட்டாராம். கும்பிடல, கூடப்பிறந்தவன்கிட்ட பேசுற மாதிரி பேசினாரு.

எத்தியோப்பியாவோட வடக்கு மலைநாட்டுல காடெல்லாம் அழிஞ்சு வயலும் மேய்ச்சலுமா ஆயிடுச்சு. மேல இருந்து பார்த்தா காஞ்ச நிலத்துக்கு நடுவுல அங்கங்க பச்சையா ஒரு வட்டம், அதுக்குள்ள ஆர்த்தடாக்ஸ் சர்ச். அந்த மரங்க சர்ச்சோட ஆடை, அதுல அடையுற பறவைக்கும் அது கர்த்தரோட வீடுன்னு பரம்பரையா நம்பி வச்சிருந்ததாலதான் அவ்வளவாவது மிஞ்சிச்சு. இப்பவும் மாடு உள்ள புகுந்து இளங்கன்னை மேஞ்சிடுது, அதனால பல இடத்துல குருக்களும் ஊர் ஜனங்களும் சேர்ந்து, வயல்ல கிடக்குற கல்லையே பொறுக்கி, காட்டைச் சுத்தி சுவர் எழுப்பியிருக்காங்க.

நன்றி, வணக்கம்.