தொடக்கப் பள்ளியில் பாட்டு எப்படிச் சொல்லிக்கொடுக்கிறேன்? | பாட்டு டீச்சர் வ்லாக்

எல்லாருக்கும் வணக்கம். இன்றைக்குச் சனிக்கிழமை, பள்ளி கிடையாது. வீட்டு மாடியில் உட்கார்ந்து பேசுகிறேன். நடுவில் நாதஸ்வரம் கேட்டால், அது பக்கத்துத் தெருவில் நடக்கிற கல்யாணம். அதற்காக வீடியோவை நிறுத்தப் போவதில்லை, நீங்களும் சேர்ந்தே கேளுங்கள்.

"என்ன சிலபஸ் வைத்திருக்கிறீர்கள், எந்த முறையில் சொல்லித் தருகிறீர்கள்" என்று ஆசிரியர்களும் பெற்றோரும் நிறையப் பேர் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். முறையைப் பற்றிப் பேச எனக்குப் பிடிக்கும், அதற்கு வருகிறேன். ஆனால் அதற்கு முன்னால், எதை நம்பி வகுப்புக்குள் போகிறேன் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அது தெரியாமல் முறையை மட்டும் எடுத்துக்கொண்டால் பாதியில் கைவிட்டுவிடுவீர்கள்.

நான் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை பாட்டு எடுக்கிறேன். ஒரு வகுப்புக்கு வாரத்தில் ஒரு பீரியட், நாற்பது நிமிஷம். பள்ளி திருவாரூர்ப் பக்கம். கர்நாடக சங்கீத மும்மூர்த்திகளான சியாமா சாஸ்திரிகள், தியாகராஜர், முத்துசாமி தீட்சிதர் மூன்று பேரும் பிறந்த ஊர். வெளியூர்க்காரர்கள், "அப்போ உங்க பிள்ளைகளுக்குப் பாட்டு ரத்தத்திலேயே இருக்குமே" என்பார்கள். என் வகுப்பில் பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் யாரும் சங்கீதம் கற்றதில்லை. அப்பா டிராக்டர் ஓட்டுவார், அம்மா நடவுக்குப் போவார். அந்தப் பிள்ளைகள் பாட வேண்டும். நன்றாகப் பாடுகிற நாலு பேரைப் பொறுக்கி எடுத்து மேடை ஏற்றுவது என் வேலை என்று நான் நினைக்கவில்லை. வகுப்பில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேரும் கூச்சமில்லாமல் வாய் திறந்து, சுருதியோடு சேர்ந்து பாட வேண்டும். என் கொள்கை இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து வருகிறது.

"எங்க வீட்ல யாருக்கும் பாட்டு வராது மிஸ், இவனுக்கும் வராது." பள்ளி வாசலில் இந்த வார்த்தையை வருஷா வருஷம் கேட்கிறேன். அதுவும் பிள்ளையைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே சொல்கிறார்கள். தயவு செய்து அப்படிச் சொல்லாதீர்கள். ஸ்வர வேறுபாடே காதில் விழாத பிறவிக் குறை உள்ளவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள், ஆனால் மிகக் குறைவு. ஆறு வயதில் ஸ்வரம் சேராத பிள்ளைக்கு அநேகமாகக் காதில் ஒரு குறையும் இருக்காது. கேட்டதற்கு ஏற்றபடி தொண்டையை நகர்த்தும் பழக்கம் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். எழுதப் பழகுகிற விரல் மாதிரி அதுவும் பழகப் பழகத்தான் வரும்.

இரண்டாம் வகுப்பில் ஒரு பையன். மற்றவர்கள் ச, ரி, க, ப, த என்று ஏறும்போது அவன் ஒரே இடத்தில் நின்றுகொண்டு, பேசுகிற குரலிலேயே வரிகளைச் சொல்லிக்கொண்டு போவான். தாளம் கச்சிதம், சொல் சுத்தம். ஸ்வரம் மட்டும் நகராது. பக்கத்தில் உட்காரும் பெண், "மிஸ், இவன் எல்லாரையும் கெடுக்கிறான்" என்று புகார் வாசித்தாள். நான் அவனைத் தனியே எழுப்பி நிறுத்தவில்லை. "எல்லாரும் குயில் மாதிரி கூவுங்கள்" என்றேன். குயில் கூவும்போது குரல் கீழேயிருந்து வழுக்கிக்கொண்டு மேலே போகும், கவனித்திருப்பீர்கள். இவன் கூவினான் பாருங்கள், மொத்த வகுப்பையும் தாண்டி மேலே போய்விட்டான்! ஆக, குரல் இருக்கிறது. பாட்டு என்றதும் பேச்சுக் குரலை எடுத்துக்கொள்கிறான், அதுதான் விஷயம்.

அப்புறம் நான் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவன் எந்த ஸ்வரத்தில் நிற்கிறான் என்று தேடி, அதே ஸ்வரத்தில் நானும் "ஆ" என்று பிடித்தேன். ஆசிரியர் பிடிக்கிற ஸ்வரத்துக்குப் பிள்ளை வரவேண்டும் என்பதுதான் வழக்கம். இந்த மாதிரிப் பிள்ளைகளிடம் நாம் போக வேண்டும். இரண்டு குரலும் ஒன்றாகச் சேர்ந்து நின்றபோது அவன் புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தான். தன் குரல் இன்னொரு குரலோடு ஒட்டுவதை அப்போதுதான் உணர்கிறான். அங்கிருந்து ஒரே ஒரு ஸ்வரம் மேலே போனேன். கொஞ்சம் தடவித் தடவி அவனும் வந்தான். அன்றைக்கு அது போதும். இதற்கு ஆன நேரம் ஒரு நிமிஷம்கூட இருக்காது. மற்ற பிள்ளைகள் வேடிக்கை பார்க்காமல் இருக்க, பெஞ்சில் மெதுவாகத் தாளம் போடச் சொல்லியிருந்தேன்.

இந்தப் பையனை ஆண்டு விழாவில் என்ன செய்வார்கள் தெரியுமா? பின் வரிசையில் நிறுத்தி, "நீ சத்தம் போடாதே, வாயை மட்டும் அசை" என்பார்கள். நாற்பது, ஐம்பது வயதுக்காரர்கள் என்னிடம் வந்து, "எனக்குப் பாட்டு வராது என்று மூன்றாம் வகுப்பில் சொல்லிவிட்டார்கள்" என்கிறார்கள். வகுப்பின் பெயர்கூட நினைவு இருக்கிறது, பாருங்கள். ஒரு நிகழ்ச்சி ஐந்து நிமிஷம் சுத்தமாக ஒலிக்க வேண்டும் என்பதற்காக ஒரு மனிதரின் குரலை வாழ்நாள் முழுக்க வாங்கிக்கொள்கிறோம். என் வகுப்பில் "வாயை மட்டும் அசை" என்ற வாக்கியத்துக்கு இடமே கிடையாது.

சரி, சுருதிக்கு, அதாவது பாட்டு எந்த உயரத்தில் நிற்க வேண்டும் என்பதற்கு, வருகிறேன். பாட்டு வராது என்று நாம் நினைக்கிற பிள்ளைகளில் பாதிப் பேருக்கு உண்மையான பிரச்சினை நாம் வைக்கிற சுருதி. சுருதியின் உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வோம், எண் ஏற ஏற உயரமும் ஏறும். எனக்கு ஐந்து கட்டை சௌகரியம். அதையே வைத்துப் பாடினால் சின்னப் பிள்ளைகளுக்குக் கீழ் ஷட்ஜம், அதாவது ச, எட்டாது, முனகுவார்கள். அதனால் வகுப்பில் ஆறரை வைப்பேன், சில வகுப்புக்கு ஏழுகூட. எனக்குக் கொஞ்சம் சிரமம்தான், பிள்ளைகளுக்கு அது இயல்பான இடம். ஆண் ஆசிரியர்கள் ஒரு கட்டையில் பாடும்போது பிள்ளைகள் ஒரு ஸ்தாயி, அதாவது ஒரு ச-விலிருந்து அடுத்த ச வரைக்கும் உள்ள தூரம், மேலே பாட வேண்டும். சில பிள்ளைகளுக்கு அது பிடிபடாமல், சார் குரலைத் தேடிக் கீழே போய் மாட்டிக்கொள்வார்கள். ஏற்கெனவே சரியாகப் பாடுகிற ஒரு பிள்ளையை முதலில் பாடவிட்டு, மற்றவர்களை அந்தக் குரலைப் பிடிக்கச் சொல்லுங்கள். உடனே சரியாகும்.

இன்னொன்று. "மேலே பாடு" என்றால் பிள்ளை கத்தும். உயரமும் சத்தமும் வேறு வேறு என்று அதற்கு இன்னும் தெரியாது. வாயால் விளக்கவே வேண்டாம். கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய், மிக மெதுவான குரலில் மேல் ஸ்வரத்தைப் பாடிக் காட்டுங்கள். அப்புறம் கையை இடுப்புக்கு இறக்கி, கீழ் ஸ்வரத்தைச் சத்தமாகப் பாடுங்கள். நாலு முறை செய்தால் பிரித்துக்கொள்வார்கள்.

எந்த ராகத்தில் ஆரம்பிப்பது? இதில் எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டு, சிலருக்குப் பிடிக்காது. நம் மரபில் புரந்தரதாசர் வகுத்த வழி என்று முதல் பயிற்சியான சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குகிறோம். குருவுக்கு எதிரே ஒரு பிள்ளை உட்கார்ந்து கற்கிற இடத்தில் அது அருமையான வழி. நானும் அப்படித்தான் கற்றேன். ஆனால் நாற்பது பிள்ளைகள் இருக்கிற ஒன்றாம் வகுப்பில்? ஹார்மோனியத்தில் பாருங்கள்: ஷட்ஜத்துக்கு ஒட்டின கட்டை சுத்த ரிஷபம், அதுதான் இந்த ராகத்தின் ரி. அங்கிருந்து இதன் க-வான அந்தர காந்தாரத்துக்கு நடுவில் இரண்டு கட்டைகளைத் தாண்ட வேண்டும். முதலில் மிகச் சின்ன அடி, உடனே ஒரு பெரிய தாவல். இப்போதுதான் தொண்டையை நகர்த்தப் பழகுகிற பிள்ளைக்கு இது கடினம்.

நான் மோகனத்தில் ஆரம்பிக்கிறேன். ச ரி க ப த, ஐந்தே ஸ்வரம், ஒட்டி உரசுகிற அரை அடி எதுவும் கிடையாது. அதைவிடப் பெரிய காரணம், தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு மோகனம் ஏற்கெனவே தெரியும்! தினமும் காலையில் பிரேயரில் பாடுகிறார்களே, தமிழ்த்தாய் வாழ்த்து, அது மோகனம்தான். மெட்டமைத்தவர் எம்.எஸ். விஸ்வநாதன். 2021 டிசம்பரில் அரசு அதை மாநிலப் பாடலாக அறிவித்தபோது, முல்லைப்பண்ணில், அதாவது மோகன ராகத்தில், மூன்றன் நடையில், 55 வினாடியில் பாட வேண்டும் என்று குறிப்பிட்டிருக்கிறது. ராகமும், மூன்று மூன்றாக எண்ணுகிற அந்தத் திஸ்ர நடையும் பிள்ளையின் உடம்புக்குள் போய் உட்கார்ந்தாயிற்று. நாம் புதிதாக எதையும் திணிக்க வேண்டாம். "காலையில் பாடினோமே, அதே வீட்டு ஸ்வரங்கள்தான் இவை" என்று சொல்லி, ச ரி க ப த பாடினால் முகத்தில் அடையாளம் கண்டுகொண்ட ஒரு தெளிவு தெரியும். பெயர் பிறகு வரட்டும். முதலில் பாடட்டும், அப்புறம் அதற்குப் பெயர் ஸ்வரம் என்று சொல்லலாம், அதற்கும் அப்புறம் நோட்டில் எழுதலாம். முதல் நாளே நோட்டைத் திறந்து எழுதவைப்பது எனக்கு ஒப்பவில்லை.

இதை நான் மட்டும் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. ஹங்கேரியில் கோடாய் என்று ஓர் இசையமைப்பாளர், 1882-இல் பிறந்தவர். பிள்ளையின் முதல் பாட்டு அதன் தாய்மொழி நாட்டுப் பாட்டாக இருக்க வேண்டும், வாத்தியத்துக்கு முன்னால் குரல் வர வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னவர். அவர் பிறந்த கெச்கெமேட் நகரத்தில் 1950-இல் தினமும் பாட்டு வகுப்பு நடக்கிற தொடக்கப் பள்ளி ஒன்றே தொடங்கினார்கள். அந்த வழியில் பிள்ளைகளுக்கு முதலில் கொடுக்கிற இரண்டு ஸ்வரம் எது தெரியுமா? நம் கணக்கில் ப, க. மேலேயிருந்து கீழே. பிள்ளைகள் விளையாடும்போது ஒருவரை ஒருவர் ராகம் போட்டுக் கூப்பிடுவதைக் கேளுங்கள், பல நேரம் அந்த இறக்கம்தான் இருக்கும். நான் வருகைப் பதிவையே அதில்தான் எடுப்பேன். நான் பெயரை "ப... க..." என்று பாடுவேன், பிள்ளை "உள்ளேன் மிஸ்" என்று அதே ஸ்வரத்தில் திருப்பிப் பாடும். எல்லாப் பிள்ளையும் வாரம் ஒரு தடவை தனியாகப் பாடிவிடுகிறது, அது தனியாகப் பாடுகிறோம் என்ற பயமே இல்லாமல்.

ஜெர்மனியில் ஓர்ஃப் என்பவர் பிள்ளைகளுக்காக வைத்த, தட்டி வாசிக்கிற சைலஃபோனில் கட்டைகளைக் கழற்றலாம். வேண்டாத ஸ்வரங்களை எடுத்துவிட்டு ஐந்தை மட்டும் விட்டால், பிள்ளை எதைத் தட்டினாலும் உறுத்தாது. நம்மிடம் அந்த வாத்தியம் இல்லையே என்று வருத்தப்பட வேண்டாம். பள்ளியில் பழைய ஹார்மோனியமோ கீபோர்டோ இருக்கும். கருப்புக் கட்டைகளை மட்டும் தொடச் சொல்லுங்கள். நாலரைக் கட்டையை, அதாவது கீபோர்டின் F# கட்டையை, ஷட்ஜமாக வைத்தால், கருப்புக் கட்டை ஐந்தும் அப்படியே மோகனம்! ஒரு பிள்ளை ஷட்ஜத்தை அழுத்திப் பிடிக்கட்டும், இன்னொரு பிள்ளை கருப்புக் கட்டைகளில் இஷ்டத்துக்கு வாசிக்கட்டும். ஏழு வயதில் சொந்தமாக ஒரு மெட்டுப் போட்டுவிட்டு அது திரும்பிப் பார்க்கும்.

தாளத்துக்குப் பிள்ளைகளின் பெயரே போதும். மணி, தக. கவிதா, தகிட. சரவணன், தகதிமி. தமிழரசி, தகதகிட. முதலில் பெயரைத் தட்டச் சொல்வேன், பிறகு தக, தகிட என்கிற தாளச் சொல்கட்டை அதன்மேல் வைப்பேன். ஒரு நாள் கவிதாவையும் சரவணனையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்து விடாமல் தட்டச் சொன்னேன். தகிட தகதிமி, தகிட தகதிமி. "மிஸ், ஏழு வருது!" என்று ஒருத்தி கத்தினாள். ஏழு எண்ணுகிற மிஸ்ர நடையை அவர்களே கண்டுபிடித்துவிட்டார்கள். அந்த நாற்பது நிமிஷமும் பெயர்களைச் சேர்த்துச் சேர்த்து ஐந்து, ஏழு, ஒன்பது என்று தேடிக்கொண்டே இருந்தார்கள். நான் போட்டு வைத்திருந்த பாடத் திட்டத்தை மூடி வைத்துவிட்டேன். மணி அடித்த பிறகும் வராந்தாவில் தட்டிக்கொண்டே போனார்கள்.

கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை அசைத்துப் பாடுவதற்கு, அவசரப்படாதீர்கள். நேராக நிற்கிற ஸ்வரத்தை முதலில் பிடிக்கட்டும். தீட்சிதரே மேற்கத்திய மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்கு சம்ஸ்கிருதத்தில் நோட்டுஸ்வர சாஹித்யங்கள் முப்பதுக்கு மேல் செய்திருக்கிறார். சங்கராபரண ராகத்தின் ஸ்வரங்கள், அசைவு இல்லாத நேர்கோட்டு மெட்டு, துள்ளுகிற நடை. நாலாம், ஐந்தாம் வகுப்புக்கு அவை அவ்வளவு பொருத்தம். ஐந்து ஸ்வரத்தில் பழகிய பிள்ளைக்கு ம, நி இரண்டையும் அறிமுகப்படுத்த நான் அவற்றைத்தான் எடுத்துக்கொள்கிறேன்.

ஆண்டு விழா பற்றி ஒரு வார்த்தை. சினிமாப் பாட்டின் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கூடவே பாடச் சொல்வதை நான் செய்வதில்லை. சினிமாப் பாட்டு எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதில் குறை ஒன்றும் இல்லை. அந்தச் சுருதி பெரியவர்களின் குரலுக்கு வைத்தது, ஒலிபெருக்கிச் சத்தத்தில் பிள்ளைக்குத் தன் குரலே கேட்காது. அதற்குப் பதில் கும்மி வைக்கலாம், ஏற்றப் பாட்டு வைக்கலாம். நடவுக்குப் போகிற அம்மாவைக் கேட்டு ஒரு பாட்டு கற்றுக்கொண்டு வரச் சொல்லலாம். போன வருஷம் மூன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தி, பாட்டி சொல்லிக்கொடுத்த நடவுப் பாட்டை வகுப்புக்கே சொல்லித் தந்தாள். நானும் அவளிடம் உட்கார்ந்து கற்றேன். ஆண்டு விழாவில் வகுப்பில் இருந்த அத்தனை பேரும் அதைப் பாடினார்கள். நான் சொன்ன அந்தப் பையனும் அப்போது மூன்றாம் வகுப்புக்கு வந்திருந்தான், முன் வரிசையில் நின்றான். இரண்டு இடத்தில் சுருதி விலகினான், மறுபடி சேர்ந்துகொண்டான்.

வகுப்பாசிரியர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். பெரும்பாலான தொடக்கப் பள்ளிகளில் தனியாகப் பாட்டு ஆசிரியர் கிடையாது, நீங்கள்தான் எல்லாப் பாடமும் எடுக்கிறீர்கள். சங்கீதம் தெரியாதே என்று தயங்காதீர்கள். திங்கள்கிழமை வருகைப் பதிவை மட்டும் பாடி எடுங்கள். கைபேசியில் இலவசமாகக் கிடைக்கிற, சுருதி ஒலித்துக்கொண்டே இருக்கும் தம்புரா செயலி ஒன்றை இறக்கி, ஆறரைக் கட்டையில் வைத்து மேசைமேல் வையுங்கள். எந்தப் பிள்ளை ஒரே ஸ்வரத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டு, அந்தப் பிள்ளையோடு குயில் கூவிப் பாருங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். அடுத்த வீடியோவில் கீபோர்டை எடுத்து வைத்து, அந்தக் கருப்புக் கட்டை விளையாட்டை முழுதாகச் செய்து காட்டுகிறேன்.