கட்டு தளராமல் நிற்க

நேயர்களுக்கு வணக்கம். ஒரு பொருளைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்குகிறோமே, அந்த முடிச்சைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். கட்டு தளர்ந்துபோனால் கயிறு சரியில்லை என்போம். பெரும்பாலும் குறை நாம் போட்ட முடிச்சில்தான் இருக்கும்.

வலது நுனியை இடதின் மேல் போட்டு ஒரு முடி. அடுத்து, இடதை வலதின் மேல் போட்டு இன்னொரு முடி. இது ரீஃப் முடிச்சு. இரண்டு தடவையும் வலதையே மேலே போட்டால் கிரானி முடிச்சு விழும். அது நழுவும், சில சமயம் அவிழ்க்கவே வராமல் சிக்கிக்கொள்ளும். உங்கள் ஷூ லேஸ் அடிக்கடி அவிழ்கிறதா? குனிந்து பாருங்கள். இரு வளையங்களும் பாதத்துக்குக் குறுக்காகப் படியாமல் நீளவாக்கில் திரும்பியிருந்தால் அது கிரானி. முதல் முடியை மட்டும் மாற்றிப் போடுங்கள், போதும்.

ரீஃப் தட்டையாகப் படிவதால் காயக்கட்டுக்கு நல்லது. ஆனால் உள்ளே இருக்கும் பொருள் அழுத்திக்கொண்டிருக்கும் வரைதான் அது நிற்கும். ஒரு நுனியை வெடுக்கென்று இழுத்தாலே உருக்குலைந்து கழன்றுவிடும். ஆகவே, இரண்டு கயிறுகளை இணைத்து ஆள் ஏறவோ பாரம் தூக்கவோ இதைப் போடவே போடாதீர்கள். மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது முடி போடுவதற்குள் முதல் முடி நெகிழ்கிறதா? முதல் முடியில் நுனியை இன்னொரு முறை முறுக்குங்கள். உராய்வு கூடிப் பிடித்துக்கொள்ளும். அறுவை மருத்துவர்கள் தையல் போடும்போது செய்வது இதைத்தான். வழுக்கும் நைலானுக்கு மிக உதவும்.

எனக்கு மிகவும் பிடித்தது கன்ஸ்ட்ரிக்டர் முடிச்சு. சாக்கு வாயைக் கட்ட, பிரியும் கயிற்று நுனியை இறுக்க இதற்கு இணை இல்லை. ஒரு சுற்று சுற்றி, கயிற்றின் மேலேயே குறுக்காக ஏற்றி, இன்னொரு சுற்று கொண்டுவாருங்கள். பிறகு இரு நுனிகளையும் அந்தக் குறுக்குக் கயிற்றுக்கு அடியில் ஒன்றோடொன்று ஒரு முறை முறுக்கி, இரண்டு பக்கமும் இழுங்கள். குறுக்குக் கயிறு அந்த முறுக்கை அமுக்கிவிடும். உருண்டையான பொருளில் விடாது பிடிக்கும். பெட்டியின் தட்டைப் பரப்பில் பிடிக்காது.

நன்றாக இறுகிவிட்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும். குறுக்கே ஓடும் அந்த மேல் கயிற்றில் கத்தியை வையுங்கள். அடியில் இன்னும் கயிறு இருப்பதால் பொருளில் கீறல் விழாது.

வணக்கம்.