மண்வெட்டி பிடித்தால்தான் சைக்கிளுக்கு வழி

[காட்சி: மலைக்காட்டுப் பாதையின் தொடக்கத்தில் ஒரு அறிவிப்புப் பலகை. எங்கோ நாய் குரைக்கிறது.]

இன்றைக்கு என்ன தேதி என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியை ஒட்டி மில்கிரீக் கேன்யன் என்றொரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அதன் மேற்பகுதிப் பாதைகளில் இரட்டைப்படைத் தேதிகளில் மட்டும்தான் சைக்கிள் ஓட்டலாம். ஒற்றைப்படைத் தேதியில் சைக்கிளுக்கு இடமில்லை, ஆனால் நாய்களை வார் இல்லாமல் அவிழ்த்துவிடலாம். மாதம் 31-ல் முடிந்து மறுநாள் 1 பிறந்தால் நாய்களுக்கு இரண்டு நாள் கொண்டாட்டம்.

வாய்க்கால் பாசனத்தில் முறைத்தண்ணீர் விடுவார்கள் இல்லையா, அதே கணக்குதான். இருப்பது ஒரே பாதை, கேட்பவர்கள் நாலு பேர். கொலராடோவில் போல்டர் நகருக்குப் பக்கத்தில் பெட்டாசோ என்ற காட்டுப் பகுதியில் இன்னொரு முறை. புதனும் சனியும் அங்கே சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. மற்ற நாட்களில் எல்லா சைக்கிளும் ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும், அந்தத் திசையும் மாதாமாதம் மாறும்.

இப்படி ஒரு விதி பலகையில் ஏறுவதற்கு முன்னால் யாரோ பல மாலைகள் கூட்டங்களில் உட்கார்ந்திருப்பார்கள், யாரோ பல சனிக்கிழமைகள் மண் வெட்டியிருப்பார்கள். மலைக்காட்டு மண்பாதைகளில் சைக்கிள் ஓட்டுவதுதான் மவுன்டன் பைக்கிங். அது என்றாலே பாறை தாண்டிக் குதிக்கும் காட்சிகளைத்தான் நமக்குக் காட்டுகிறார்கள். அந்தக் குதிக்கும் ஆட்கள் இந்த வீடியோவில் வரமாட்டார்கள், கூட்டத்தில் பேசியும் மண் வெட்டியும் சைக்கிளுக்குப் பாதை கேட்டு வாங்குபவர்கள்தான் வருவார்கள்.

[காட்சி: பழைய தடிமனான டயர் சைக்கிள். பின்சக்கர அச்சில் புகை.]

சரி, கதை தொடங்கும் இடத்துக்குப் போவோம். சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மரின் கவுன்டி. அங்கே மவுன்ட் தமல்பாய்ஸ் என்ற மலை, உள்ளூர்க்காரர்களுக்குச் சுருக்கமாக மவுன்ட் டாம். பெயரைக் கேட்டதும் தமிழோடு முடிச்சுப் போட ஆசை வரும், எனக்கும் வந்தது. அந்தப் பெயர் அங்கே வாழ்ந்த மிவோக் பழங்குடியினரின் மொழியிலிருந்து வந்தது, ஆசையை விட்டுவிடலாம்.

1976 அக்டோபர் 21 அன்று ஃபேர்ஃபாக்ஸ் ஊருக்குப் பக்கத்தில், தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டிய ஒரு மண்சாலையில், நண்பர்கள் சிலர் பழைய சைக்கிள்களில் ஒரு பந்தயம் நடத்தினார்கள். ஏறக்குறைய 3 கிலோமீட்டருக்குள் 400 மீட்டர் இறக்கம். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கும் பிரேக்தான் அப்போது. ஒருமுறை இறங்கி முடிப்பதற்குள் அச்சுக்குள் இருந்த கிரீஸ் கொதித்துப் புகையாகிவிடும், மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த சுற்று. மறுபடி அடைப்பதை ஆங்கிலத்தில் ரீபேக் என்பார்கள். அந்தச் சாலைக்கும் பந்தயத்துக்கும் அதுவே பெயராக நிலைத்துவிட்டது. மவுன்டன் பைக்கின் முன்னோடிகளான கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ், சார்லி கெல்லி எல்லாம் அந்தக் கூட்டத்திலிருந்து வந்தவர்கள். 1979-ல் ஃபிஷரும் கெல்லியும் கடையே திறந்தார்கள். 1981-ல் ஸ்பெஷலைஸ்ட் நிறுவனத்தின் ஸ்டம்ப்ஜம்பர் என்ற மவுன்டன் பைக் வந்ததும், நண்பர்கள் கூட்டத்தின் விளையாட்டு ஊர் முழுக்கப் பரவியது.

அப்புறம்தான் தகராறு. அந்த மலையின் பெரும்பகுதி குடிநீர் வாரியத்தின் நிலம். மேலே கரையும் மண் கீழே நீர்த்தேக்கத்தில் போய்ப் படியும். நூறாண்டுப் பழக்கமாக அங்கே நடப்பவர்களும் குதிரைச் சவாரிக்காரர்களும் இருந்தார்கள். அவர்கள் நடுவே வளைவில் சத்தமில்லாமல் ஒரு சைக்கிள் பாய்ந்து வந்தால் எப்படி இருக்கும்? ஒற்றையடிப் பாதைகளில் சைக்கிள் கூடாது என்றார்கள். அகலமான மண்சாலைகளில் மட்டும் ஓட்டலாம், அதுவும் மணிக்கு 15 மைல், அதாவது சுமார் 24 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது என்றும் சொன்னார்கள். ரேடார் துப்பாக்கியோடு வனக்காவலர் சைக்கிள்காரரை மடக்கினார். மவுன்டன் பைக் பிறந்த மலையிலேயே அதற்கு இந்த மரியாதை.

இதில் சைக்கிள்காரர்கள் பக்கமும் தப்பு இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். மற்றவர்களுக்குச் சங்கம் இருந்தது, கூட்டத்துக்கு வந்து பேச ஆள் இருந்தது. இவர்கள் மலையில் இருந்தார்கள், கூட்டத்தில் இல்லை. சிலர் ராத்திரியோடு ராத்திரியாகத் திருட்டுப் பாதை வெட்டி, எதிர்த்தவர்களின் கைக்கே ஆதாரத்தைக் கொடுத்தார்கள். ஆள் இல்லாத வழக்கு எப்படித் தீரும் என்று சொல்லத் தேவையில்லை.

1988-ல்தான் கலிஃபோர்னியாவில் 5 உள்ளூர்ச் சங்கங்கள் சேர்ந்து இம்பா என்ற சர்வதேச மவுன்டன் பைக்கிங் சங்கத்தைத் தொடங்கின. அவர்கள் எழுதிய விதிகள் மிக எளிமையானவை: திறந்திருக்கும் பாதையில் மட்டும் ஓட்டு, தடம் பதிக்காதே, வேகத்தைக் கட்டுக்குள் வை, வழி விடு, விலங்குகளை மிரட்டாதே. ஒரு ஊர்க் கட்டுப்பாடு மாதிரி. ஆனால் 'நாங்களே எங்களைக் கட்டுப்படுத்திக்கொள்கிறோம்' என்று சொல்ல ஒரு அமைப்பு வந்ததும் எதிரில் இருந்தவர்களுக்குப் பேச ஒரு முகவரி கிடைத்தது. சியரா கிளப் அமெரிக்காவின் பெரிய, பழைய இயற்கைப் பாதுகாப்பு அமைப்பு. 1980-களில் மவுன்டன் பைக்கைச் சந்தேகத்தோடு பார்த்த அதே அமைப்பு, 1994-ல் யூட்டாவின் பார்க் சிட்டியில் இம்பாவோடு உட்கார்ந்து ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. சுற்றுச்சூழலைக் கெடுக்காமல் ஓட்டினால் மவுன்டன் பைக்கிங் முறையான பொழுதுபோக்குதான், ஒற்றையடிப் பாதையும் அதில் அடக்கம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

[காட்சி: அமெரிக்க வரைபடம். சில பகுதிகள் அடர்பச்சையில்.]

கடைசிவரை தீராத ஒரு பிரச்சினையும் உண்டு. 1964-ல் வந்த வனாந்தரச் சட்டம், வனாந்தரம் என்று அறிவித்த பகுதிகளில் இயந்திரப் போக்குவரத்து கூடாது என்கிறது. அதில் சைக்கிளும் அடக்கம் என்று வனத்துறை 1984-ல் விதியாகவே எழுதிவிட்டது. அதனால் ஒரு காட்டை வனாந்தரமாக அறிவித்தால் அங்கே அதுவரை ஓட்டிய சைக்கிள் மறுநாளே வெளியே. 2015-ல் ஐடஹோ மாநிலத்தின் வொயிட் க்ளவுட்ஸ் மலைகளில் இதுதான் நடந்தது.

காட்டைக் காப்பாற்று என்று கேட்பதா, என் பாதையைக் காப்பாற்று என்று கேட்பதா? இதில் சைக்கிள்காரர்களே இரண்டாகப் பிரிந்தார்கள். சட்டத்தையே மாற்றச் சொல்லி ஒரு தரப்பு நாடாளுமன்றம் போனது. 2017-ல் அப்படி வந்த ஒரு மசோதாவை ஆதரிக்க இம்பா மறுத்தது, சொந்த ஆட்களிடமே திட்டு வாங்கியது. இம்பா விரும்பும் வழி வேறு: எல்லைக்கோட்டைக் கொஞ்சம் நகர்த்திக் கேட்பது. 2002-ல் கொலராடோவின் ஜேம்ஸ் பீக் மலையில் ஒரு பகுதி வனாந்தரமாகவும், அதை ஒட்டிய இன்னொரு பகுதி 'பாதுகாப்புப் பகுதி' என்ற வேறு பெயரிலும் அறிவிக்கப்பட்டது. காடு இரண்டிலும் பத்திரம், சைக்கிளுக்கு இரண்டாவதில் இடம். எனக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது. கத்திக் கேட்பவருக்குக் கைதட்டல் கிடைக்கும். கோட்டை 200 மீட்டர் நகர்த்தக் கேட்பவர் கையில் வரைபடம் இருக்க வேண்டும், அந்தக் காட்டை நடந்து பார்த்திருக்க வேண்டும்.

[காட்சி: ஒரு மலைச்சரிவின் குறுக்குவெட்டுப் படம். நீல அம்புகள்.]

இனி மண்ணுக்கு வருவோம். சைக்கிள் டயர்தான் பாதையைக் கெடுக்கிறது என்பது பழைய குற்றச்சாட்டு. 1994-ல் வில்சன், சீனி என்ற இரண்டு ஆய்வாளர்கள் மொன்டானா மாநிலத்தின் மலைப் பாதைகளில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஈரமாக்கிய பாதையில் சக்கரங்களைவிடக் குளம்புகளும் கால்களும்தான் அதிக மண்ணைப் பெயர்த்தன. உடனே குதிரைக்காரர் மேல் பாய வேண்டாம். பிரேக்கை அழுத்திச் சறுக்கிக்கொண்டு இறங்கும் சைக்கிளும் நன்றாகவே பள்ளம் பறிக்கும். ஆனால் பாதை கட்டுபவர்கள் யாரைக் கேட்டாலும் முதல் எதிரி என்று சொல்வது தண்ணீரைத்தான்.

சரிவில் நேர்க்கீழாக ஒரு பாதை போட்டால் மழைத்தண்ணீருக்கு அதுதான் வாய்க்கால். இரண்டு மழையில் நடுவில் பள்ளம் விழும். பள்ளத்தைத் தவிர்க்க எல்லோரும் ஓரமாகப் போவார்கள், ஒரு பாதை மூன்றாகும். அதனால் சரிவின் குறுக்கே, சமமட்டத்தை ஒட்டிப் பாதை போக வேண்டும். நம் மானாவாரிக் காடுகளில் சமமட்ட வரப்பு போடுகிறவர்களுக்கு இது புதிதில்லை. வரப்பு தண்ணீரை நிறுத்துகிறது, இந்தப் பாதையோ தண்ணீரை நிற்கவிடாமல் குறுக்கே கடத்திவிடுகிறது.

இதற்குப் 'பாதி விதி' என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். மலைச்சரிவு எவ்வளவோ அதில் பாதிக்கு மேல் பாதை ஏறக் கூடாது. சரிவு 16 சதவீதம், அதாவது 100 மீட்டருக்கு 16 மீட்டர் ஏற்றம் என்றால் பாதை 8-க்குள். சரிவு எவ்வளவு செங்குத்தாக இருந்தாலும் பாதையின் சராசரி ஏற்றம் 10 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. பாதையின் வெளி ஓரம் 5 சதவீதம் அளவுக்குத் தாழ்ந்திருக்க வேண்டும். அங்கங்கே இறக்கத்தின் நடுவே சின்னதாக ஒரு ஏற்றம் வைப்பார்கள். தண்ணீரால் மேடு ஏற முடியாதே, அங்கேயே வெளியேறிவிடும். அதே சின்ன மேடு சைக்கிளின் வேகத்தையும் குறைக்கும். வளைவுக்கு முன் ஒரு மேடு, வளைவில் பார்வையை மறைக்கும் புதரை வெட்டுவது, இரண்டு பாறைகளுக்கு நடுவே பாதையைக் கொஞ்சம் நெருக்குவது. 'மெதுவாகப் போகவும்' என்ற பலகையை யாரும் படிப்பதில்லை, பாறையைப் படித்தே ஆக வேண்டும்.

[காட்சி: காலை 8 மணி. வாகன நிறுத்துமிடத்தில் கருவிகள் வரிசையாக.]

இந்த வேலையைப் பெரும்பாலும் செய்வது தன்னார்வலர்கள்தான். கருவிகளில் இரண்டு முக்கியம். மெக்லியோட் என்பதில் ஒரு பக்கம் அகலமான மண்வெட்டி அலகு, மறுபக்கம் பற்கள். புலாஸ்கியில் ஒரு பக்கம் கோடாரி, மறுபக்கம் கொத்து. 1910-ல் ஐடஹோவில் பற்றிய பெருந்தீயில் தன் ஆட்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோய்க் காப்பாற்றிய வனக்காவலர் எட் புலாஸ்கியின் பெயர் அது. கருவியைத் தோளில் சாய்த்து நடந்தால் குழுத் தலைவர் கூப்பிட்டுச் சொல்வார். பக்கவாட்டில், சரிவு இறங்கும் கையில்தான் பிடிக்க வேண்டும். தடுக்கி விழுந்தால் தூக்கி எறிய வசதி.

வேலை தொடங்கும் முன் ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி சலிப்பாக இருக்கும். தவிர்க்காதீர்கள், அன்றைய வேலையில் பாதி அந்தத் தாளில்தான் இருக்கிறது. தேசியக் காடுகளில் தன்னார்வலர்களை ஏற்க 1972-ல் சட்டம் வந்தது. அதன்படி முறையாகப் பதிவுசெய்து வேலை செய்பவருக்கு அடிபட்டால், வனத்துறை ஊழியருக்குக் கிடைக்கும் இழப்பீட்டுப் பாதுகாப்பு அவருக்கும் உண்டு.

பணக் கணக்கும் இருக்கிறது. மோட்டார் வண்டிகள் காட்டுப் பாதைகளில் எரிக்கும் எரிபொருளுக்கான வரியிலிருந்து, பொழுதுபோக்குப் பாதைகளுக்கென்று மத்திய அரசு ஒரு நிதி தருகிறது. செலவில் ஒரு பங்கை உள்ளூர்க்காரர்கள் போட வேண்டும், பொதுவாக 20 சதவீதம். அதைப் பணமாகத்தான் போட வேண்டும் என்றில்லை. தன்னார்வலரின் ஒரு மணி நேர உழைப்புக்கு இப்போது 30 டாலருக்கு மேல் மதிப்புப் போடுகிறார்கள். 25 பேர் 6 மணி நேரம் வெட்டினால் 150 மணி, ஒரு சனிக்கிழமையில் 4,500 டாலர். கையெழுத்து இல்லையென்றால் பூஜ்யம்.

அடுத்த மாதம் நிர்வாகக் கூட்டத்தில் 'இந்தப் பாதையைத் திறந்துவிடுங்கள்' என்று ஒருவர் எழுந்து நிற்கும்போது அவர் கையில் இருப்பது இந்தத் தாள்கள்தான். பேச்சு 3 நிமிடம். அதற்குள் பாதையின் பெயர், செய்த வேலை, கேட்கும் ஒரே ஒரு விஷயம். எல்லாப் பாதையையும் திற என்பவரைக் குறிப்பெடுக்கக்கூட மாட்டார்கள். குதிரைச் சங்கத்துக்காரர் ஒருவர் கூடவே எழுந்து 'எங்களுக்கும் சம்மதம்' என்றால் வேலை பாதி முடிந்தது. அப்படி ஒருவர் கிடைக்க வேண்டுமானால் அவரோடு சேர்ந்து முன்பே மண் வெட்டியிருக்க வேண்டும். சைக்கிள் சுமக்க முடியாத கம்பத்தையும் பலகையையும் மலைமேல் ஏற்றக் குதிரைகள் வரும். மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் ஒரே மர நிழலில் உட்காருவார்கள். பிறகு வழியில் பார்க்கும்போது திட்ட மனசு வராது.

[காட்சி: மஞ்சள் முக்கோணப் பலகை. சைக்கிள், நடப்பவர், குதிரை.]

வழியில் பார்த்தால் யார் ஒதுங்குவது? சைக்கிள் எல்லோருக்கும் ஒதுங்க வேண்டும், நடப்பவர் குதிரைக்கு ஒதுங்க வேண்டும். குதிரைக்கு ஒதுங்கும்போது பள்ளப் பக்கமாக நில்லுங்கள். மேட்டில் தலைக்குமேல் நிற்கும் உருவம் அதற்குப் பாய வரும் மிருகம் மாதிரித் தெரியும். அப்புறம் ஏதாவது பேசுங்கள், 'குட் மார்னிங்' போதும். ஹெல்மெட்டும் கண்ணாடியும் போட்ட உருவம் பேசினால்தான் குதிரைக்கு அது மனுஷன் என்று புரியும். கலிஃபோர்னியாவில் சில பாதைகளின் முகப்பில் சைக்கிள் மணிகளை ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறார்கள். இரவல் எடுத்து மாட்டிக்கொண்டு போய்த் திரும்பும்போது போட்டுவிடலாம். சின்னப் பிள்ளை சைக்கிள் மணிதான், ஆனால் வளைவில் சத்தமில்லாமல் வந்த பழைய குற்றத்துக்கு அதைவிட மலிவான பரிகாரம் இல்லை.

[காட்சி: மழை. சைக்கிள் இல்லை. குடையோடு ஒருவர்.]

உங்களுக்கு இதில் இறங்க ஆசை இருந்தால், நல்ல மழை பெய்யும் ஒரு நாளில் சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு நடந்து போய்ப் பாருங்கள். தண்ணீர் பாதையில் எங்கே ஏறுகிறது, எவ்வளவு தூரம் ஓடுகிறது, எங்கே வெளியேறாமல் தேங்குகிறது என்று ஃபோனில் படம் எடுங்கள். தேங்கும் இடத்தில் ஒரு குச்சி நட்டுவிட்டு வாருங்கள். வெயில் வந்துவிட்டால் எந்த இடம் என்று உங்களுக்கே தெரியாது, சனிக்கிழமை மண்வெட்டியோடு வருபவர்கள் அந்தக் குச்சியைத்தான் தேடுவார்கள்.