கடலூர், புதுச்சேரியில் டிசைனர் வேலை: முதல் வருஷத்தை மெஷின் பக்கத்தில் கழியுங்கள்

[திரையில்: இரண்டு விசிட்டிங் கார்டுகள், பெரிதாக்கிக் காட்டப்படுகின்றன]

இந்த இரண்டு கார்டிலும் மேட்டர் ஒன்றுதான். ஃபான்ட் ஒன்று, பேப்பரும் ஒன்று. இடப்பக்கக் கார்டில் எழுத்து கூர்மையாக நிற்கிறது. வலப்பக்கக் கார்டைப் பாருங்கள்: செல் நம்பரைச் சுற்றி லேசாக ஒரு செந்நிழல். மெய்யெழுத்துகளின் புள்ளி எழுத்தோடு ஒட்டிப்போயிருக்கிறது.

காரணம் கருப்பு மை. முதல் ஃபைலில் கருப்பு என்பது கே 100, அதாவது கருப்பு மை மட்டும் முழுசாக, அவ்வளவுதான். இரண்டாவது ஃபைல் திரைக்கான மூன்று நிற முறையான ஆர்ஜிபியில் செய்து, கடைசி நிமிஷத்தில் அச்சுக்கான நான்கு மை முறையான சிஎம்ஒய்கேவுக்கு மாற்றியது. அப்படி மாற்றும்போது ஃபோட்டோஷாப் தன் வழக்கமான செட்டிங்கில் கருப்பை சியான் 75, மெஜந்தா 68, மஞ்சள் 67, கருப்பு 90 என்று நான்கு நிறமாகப் பிரித்துவிடும். 7 பாயின்ட் எழுத்தில் நான்கு ப்ளேட்டும் ஒரு மயிரிழை பிசகாமல் உட்கார வேண்டும். உட்காராது. இதைத்தான் பிரஸ்காரர்கள் ‘ரெஜிஸ்டர் அவுட்’ என்பார்கள்.

கிராஃபிக் டிசைனர் ஆக நினைப்பவர்கள் முதலில் கேட்பது, எந்த சாஃப்ட்வேர் படிக்கலாம் என்று. சாஃப்ட்வேரை ஆறு மாதத்தில் பழகிக்கொள்ளலாம். கடலூரிலும் புதுச்சேரியிலும் ஒரு டிசைனருக்கு வேலை நிலைப்பதும் போவதும், அவர் அனுப்பும் ஃபைல் அச்சு மெஷினில் ஒழுங்காக ஓடுகிறதா, தமிழ் ஒழுங்காக நிற்கிறதா என்பதில்தான். அதனால் எங்கள் யோசனை இது: முதல் வருஷம் சம்பளம் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை, மெஷின் ஓடும் இடத்தில் உட்காருங்கள்.

[திரையில்: மஞ்சக்குப்பம், திருப்பாப்புலியூர் கடைத்தெரு, பிறகு புதுச்சேரி நேரு வீதி]

கடலூர்ப் பக்கம் வேலை பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகை, காதணி விழா பேனர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், பிட் நோட்டீஸ், பில் புக். பார்ட்டி, அதாவது வேலை கொடுப்பவர், பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, “தம்பி, மாமா போட்டோவை இன்னும் கொஞ்சம் பெருசாக்கு” என்று சொல்லிக்கொண்டிருப்பார். அதுவும் ஒரு பயிற்சிதான். புதுச்சேரியில் இதே வேலைகளோடு ஹோட்டல், கஃபே, துணிக்கடை, ஆரோவில் பக்கத்து ஊதுபத்தி, சோப்பு, கைக்காகிதத் தயாரிப்புகள் என்று இன்னொரு சந்தையும் இருக்கிறது. அங்கே வேகத்தைவிட நிதானத்துக்குத்தான் மதிப்பு. இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 25 கிலோமீட்டர். ஒரே ஆள் இரண்டு பக்கமும் வேலை பார்க்கலாம். ஆனால் ஒரே போர்ட்ஃபோலியோவை (செய்த வேலைகளின் மாதிரித் தொகுப்பை) இரண்டு பக்கமும் நீட்டக் கூடாது.

முதலில் பிளெக்ஸ். எல்லோரும் கேவலமாகப் பேசும் வேலை, ஆனால் கணக்கு முழுக்க இங்கேதான் இருக்கிறது.

[திரையில்: பிளெக்ஸ் ரோல்களின் அகலம் அடியில்]

பிளெக்ஸ் ரோல் 3, 4, 5, 6, 8, 10 அடி அகலங்களில் வரும். பார்ட்டி 7 அடி அகலம், 12 அடி உயரம் கேட்டால் அது 8 அடி ரோலில்தான் ஓடும்; ஓர் அடி பட்டை, 12 சதுர அடி, வீணாகும். அதற்கும் சேர்த்துத்தான் கடை ரேட் போடும். “8 அடியாகவே வைத்துக்கொள்ளலாமா?” என்று டிசைன் தொடங்கும் முன்பே கேட்கிற டிசைனரைக் கடைக்காரர் விடமாட்டார்.

ரெசல்யூஷன், நிஜ அளவில் அங்குலத்துக்கு 72 பிக்ஸல் போதும். 20 அடிக்கு 10 அடி பேனர் என்றால் 17,280க்கு 8,640 பிக்ஸல். சிஎம்ஒய்கேயில் ஒரே லேயருக்குக் கிட்டத்தட்ட 600 எம்பி. 300 வைத்தால் கம்ப்யூட்டர் நின்றுவிடும், பேனரில் ஒரு வித்தியாசமும் தெரியாது. போட்டோவை மட்டும் ஃபோட்டோஷாப்பில் முடித்து, எழுத்தை கோரல்டிராவில் வையுங்கள். எழுத்து வெக்டராகவே இருக்கும், எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது.

பிளெக்ஸில் அதிகம் கெடுவது போட்டோ. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய படம் 1,600 பிக்ஸல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 8 அடி உயரத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 17 பிக்ஸல்கூடத் தேறாது. முகம் கட்டம் கட்டமாகத் தெரியும். “டாக்குமென்டா அனுப்புங்க அண்ணே” என்று ஒரு வார்த்தை முன்கூட்டியே சொன்னால் ராத்திரி பத்து மணிச் சண்டை மிச்சம்.

நான்கு ஓரத்திலும் 4 அங்குலத்துக்கு எழுத்து வேண்டாம். ஓரம் மடித்துச் சட்டத்தில் அடிப்பார்கள், இல்லையென்றால் கயிறு கட்ட ஐலெட் வளையம் குத்துவார்கள். பேரின் கடைசி எழுத்து சட்டத்துக்குப் பின்னால் போனால் அந்தக் கல்யாண வீட்டை நினைத்துப் பாருங்கள்.

எழுத்து அளவுக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: 10 அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். புதுச்சேரி சாலையில் 200 அடி தள்ளிப் படிக்க வேண்டுமென்றால் 20 அங்குல எழுத்து. 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டிக்கு அந்த 200 அடியைக் கடக்க 4 வினாடிகூட ஆகாது. ஆறு, ஏழு சொல்லுக்கு மேல் போட்டால் யாரும் படிக்கப்போவதில்லை. இதைப் பார்ட்டியிடம் எடுத்துச் சொல்வதும் டிசைனர் வேலைதான்.

தேர்தல் காலத்தில் ஒரு எச்சரிக்கை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 127ஏ: தேர்தல் நோட்டீஸ், போஸ்டர் எதிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். மீறினால் 6 மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தச் சின்ன வரியை ‘அழகு கெடுகிறது’ என்று தூக்கிவிடாதீர்கள்.

[திரையில்: ‘கொ’ என்ற எழுத்து சிதைந்து நிற்கிறது]

அடுத்து தமிழ். பாமினி, வானவில் போன்ற பழைய ஃபான்ட்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்த ஃபைலை அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். பிரஸ்ஸில் இன்றும் இந்த ஃபான்ட்களில் ஏராளமான பழைய ஃபைல்கள் இருக்கின்றன. அதனால் எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு மட்டும் தெரிந்தால் போதாது, கன்வெர்ட்டர் வைத்து இங்கிருந்து அங்கே மாற்றவும் தெரிய வேண்டும். கீபோர்டுக்கு தமிழ் 99 பழகுங்கள். ஒரு மாதம் கையைக் கடிக்கும், பிறகு வேகம் வந்துவிடும்.

யூனிகோடுக்கு வேறொரு தொல்லை. பழைய ஃபோட்டோஷாப்பில் ‘கொ’ அடித்தால் ஒற்றைக்கொம்பு இடம் மாறி, புள்ளி வட்டத்தோடு தனியே நிற்கும். ப்ரிஃபரன்ஸ், டைப் பகுதியில் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏஷியன்’ அல்லது ‘வேர்ல்ட் ரெடி லேஅவுட்’ என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து, புது ஃபைல் திறந்து அடியுங்கள். புதிய பதிப்புகளில் இந்தத் தலைவலி குறைவு.

இலவசமாக, வணிக வேலைக்கும் பயன்படுத்தக்கூடிய ஃபான்ட்கள் கூகுள் ஃபான்ட்ஸில் இருக்கின்றன: முக்த மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை, பாலூ தம்பி, மீரா இனிமை, கவிவனார். எதை எடுத்தாலும் வரிக்கு வரி இடைவெளியை ஆங்கிலத்துக்கு வைப்பதைவிடக் கூட்டுங்கள். மேலே கி, கீ. கீழே கூ, ளூ. இடைவெளி போதாவிட்டால் மேல்வரியின் வாலும் கீழ்வரியின் மேல்வளைவும் மோதும். எழுத்துக்கு வெளிக்கோடு தடிமனாகப் போட்டால் புள்ளி மூடிக்கொள்ளும். இடம் பற்றவில்லை என்று எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்குவதுதான் இந்த ஊரில் நாம் அன்றாடம் பார்க்கிற குற்றம். இடம் பற்றவில்லையென்றால் வாக்கியத்தைச் சுருக்குங்கள்.

பிரஸ்ஸுக்குப் போகும் முன் ஒரு பிரதியில் எழுத்தை கர்வ், அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவம், ஆக்கி அனுப்புங்கள்; கோரலில் கன்ட்ரோல் க்யூ. எழுத்தாகவே உள்ள பிரதியைத் தனியாகச் சேமியுங்கள். கர்வ் ஆக்கியதையே மேலே எழுதிச் சேமித்துவிட்டு, கரெக்‌ஷன் வந்ததும் முழு மேட்டரையும் மறுபடி அடிப்பவர்கள் எந்தக் கடையிலும் உண்டு.

[திரையில்: முந்திரி பாக்கெட், முன்பக்கம், பின்பக்கம்]

நல்ல ரேட் கிடைப்பது பேக்கேஜிங்கில். பண்ருட்டி முந்திரி பாக்கெட் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இதில் அழகைவிடச் சட்டம்தான் அதிகம். சைவக் குறி: பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டம். முகப்புப் பரப்பு 100 சதுர சென்டிமீட்டர் வரை என்றால் வட்டம் குறைந்தது 3 மில்லிமீட்டர், சதுரப் பக்கம் அதற்கு இரு மடங்கு; 100க்கு மேல் 500 வரை என்றால் 4 மில்லிமீட்டர் வட்டம். உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் உரிம எண் 14 இலக்கம். எண்ணிப் பாருங்கள், ஓர் இலக்கம் விட்டுப்போவது சாதாரணமாக நடக்கும். நிகர எடை, எம்ஆர்பி, தயாரித்த தேதி, உட்பொருள் பட்டியல், ஊட்டச்சத்து அட்டவணை, முகவரி எல்லாவற்றுக்கும் இடம் ஒதுக்கிய பிறகுதான் மிச்ச இடத்தில் முந்திரிப் படம்.

பார்கோடு, 13 இலக்க வகை, முழு அளவில் 37.29க்கு 25.93 மில்லிமீட்டர். 80 சதவீதத்துக்குக் கீழே சுருக்காதீர்கள். கோட்டைச் சிவப்பு நிறத்தில் போடவே கூடாது: ஸ்கேனர் அடிப்பது சிவப்பு ஒளி, அதற்குச் சிவப்புக் கோடும் வெள்ளைப் பின்னணியும் ஒன்றுதான். ஆயிரக்கணக்கில் பை அடித்த பிறகு சூப்பர் மார்க்கெட்டில் ‘பீப்’ சத்தம் வராவிட்டால் அந்த நஷ்டம் சின்னதில்லை. இதெல்லாம் தெரிந்தவர் குறைவு, அதனால்தான் ரேட் கூடுதல்.

படிப்பு? கட்டாயமில்லை, இருந்தால் நல்லது. புதுச்சேரி அரியாங்குப்பத்தில் பாரதியார் பல்கலைக்கூடம் என்ற கலைக் கல்லூரி இருக்கிறது. சென்னையிலும் கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள். பிளஸ் டூவில் எந்தப் பிரிவு எடுத்திருந்தாலும் ஐஐடிகளின் டிசைன் பட்டப்படிப்பான பி.டெஸ் சேர்க்கைக்கு யூசீட் நுழைவுத் தேர்வு எழுதலாம். 2010இல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறியை வரைந்த உதயகுமார், பழைய தென்னாற்காட்டின் கள்ளக்குறிச்சிக்காரர். ஐஐடி பம்பாயில் அவர் ஆராய்ந்தது தமிழ் எழுத்துருவியல். தமிழ் எழுத்தை இவ்வளவு ஆழமாகவும் படிக்கலாம் என்பதற்காகச் சொல்கிறோம். மூன்று மாத ‘மல்டிமீடியா டிப்ளமோ’வுக்குப் பெரிய பணம் கட்டுவதை மட்டும் நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம்.

ஏஐயும் கேன்வாவும் வந்த பிறகு இந்த வேலை இருக்குமா என்று கேட்பீர்கள். பொங்கல் வாழ்த்து, பிறந்தநாள் ஸ்டேட்டஸ் போன்ற வேலைகள் கைவிட்டுப் போகத்தான் போகின்றன. படம் உருவாக்கும் ஏஐகள் தமிழ் எழுத்தைப் பல நேரம் சிதைக்கின்றன. அதை நம்பி உட்காராதீர்கள், அது சரியாகிவிடலாம். முந்திரிப் பையில் தவறு எதுவும் இல்லை என்று பொறுப்பேற்றுக் கையெழுத்திட ஓர் ஆள் தேவைப்படும். அந்த ஆளாக இருங்கள்.

[திரையில்: வெள்ளைப் பலகையில் கணக்கு]

கடைசியாகப் பணம். தனியாகத் தொழில் செய்கிறீர்கள், மாதம் 25,000 கையில் வேண்டும், கரண்ட், நெட், சாஃப்ட்வேர், கம்ப்யூட்டர் தேய்மானம் 8,000 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 33,000. 25 நாள், 8 மணி நேரம், ஆக 200 மணி. அதில் பாதி போன் பேசுவதிலும் பணம் கேட்டு அலைவதிலும் போகும்; பில் போடக்கூடியது 100 மணிதான். மணிக்கு 330 ரூபாய். 15 மணி பிடிக்கும் லோகோவுக்கு 4,950. பக்கத்துக் கடை 500க்குப் போடுகிறான் என்று பார்ட்டி சொன்னால், இந்தக் கணக்கை மனதில் வைத்து ‘முடியும்’, ‘முடியாது’ சொல்லுங்கள்.

பாதி அட்வான்ஸ் வாங்காமல் ஃபைல் திறக்க வேண்டாம். இரண்டு கரெக்‌ஷன் ரேட்டில் அடக்கம், மூன்றாவதிலிருந்து தனி. ப்ரூஃபுக்கு, அதாவது அச்சுக்கு முன் காட்டும் மாதிரிக்கு, பார்ட்டியின் ‘ஓகே’ வாட்ஸ்அப்பில் எழுத்தாக வர வேண்டும், போனில் சொன்னது செல்லாது. தேதி, செல் நம்பர், இனிஷியல் மூன்றையும் அவரே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். திருத்தக்கூடிய மூல ஃபைலை (ஓபன் ஃபைல்) கேட்டால் அது தனி விலை. முதலிலேயே பில்லில் எழுதிவிடுங்கள்.

கடலூரிலிருந்து புதுச்சேரி பார்ட்டிக்கு டிசைன் செய்தால் அது சட்டப்படி வேறு மாநிலத்துக்குச் செய்யும் சேவை. அதனாலேயே ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்று பயமுறுத்துவார்கள். சேவைத் தொழிலில் ஆண்டு மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டாதவரை, 2017 அக்டோபரில் வந்த அறிவிப்பின்படி, மாநிலம் விட்டு மாநிலம் செய்தாலும் விலக்கு உண்டு. ஆனால் டிசைனோடு பிரின்ட்டும் எடுத்து நீங்களே சரக்காக விற்றால் கணக்கு மாறும். அப்படி முதல் ஆர்டர் வருவதற்கு முன்பே ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடுங்கள்.