மணலுக்குள்ள ரெண்டு மாடல், நடுவுல ஒரு ஒட்டு

எல்லாருக்கும் வணக்கம். மணலுக்குள்ள தண்ணி, கேஸ் எப்படி ஓடுதுன்னு கம்ப்யூட்டர்ல கணக்கு போட, ரெண்டு விதமான மாடல ஒட்டி ஒண்ணா ஓட்டுறாங்க, அதுக்கு ஹைப்ரிட்னு பேரு, இன்னிக்கு அதப் பத்தித்தான் பேச்சு. மதியம் சாப்பிட்டு வந்து உக்காந்துருக்கீங்க, இப்ப ஈக்வேஷனா எழுதினா பாதிப்பேரு தூங்கிருவீங்க, அதனால ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன், அதுவும் 1856-ல வந்த பழசு. பிரான்ஸ்ல தீஜோன்னு ஒரு ஊரு, அங்க ஹென்றி டார்சின்னு ஒரு இன்ஜினியர், ஊருக்கே குடிதண்ணி கொண்டுவந்தவரு. அவரு ஒரு இரும்புக் குழாய நெட்டா நிறுத்தி, உள்ள மணல நெரப்பி, தண்ணிய விட்டு, வெளிய எவ்வளவு வருதுன்னு அளந்தாரு. ரெண்டு முனைக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் ரெண்டு மடங்கானா ஓட்டமும் ரெண்டு மடங்கு, மணலோட உயரம் ரெண்டு மடங்கானா ஓட்டம் பாதி. இதான் டார்சி விதி. இன்னிக்கு வரைக்கும் நிலத்தடி நீர், பெட்ரோல் கிணறு எல்லாத்துக்கும் இதுதான் அஸ்திவாரம்.

அவரு பண்ண பெரிய வேலை என்னன்னா, மணல் துகளயே மறந்துட்டாரு. ஒரு கன சென்டிமீட்டர் மணல எடுங்க, துகள் 0.2 மில்லிமீட்டர்னு வச்சா கூட ஒரு லட்சத்துக்கு மேல இருக்கும், துகளுக்கு நடுவுல ஒவ்வொரு சந்துலயும் தண்ணி எப்படி வளைஞ்சு போகுதுன்னு பாத்தா எந்த ஜென்மத்துலயும் கணக்கு முடியாது. சராசரிய எடு, மணல் எவ்வளவு சுலபமா தண்ணிய விடுதுன்னு சொல்ல பெர்மியபிலிட்டின்னு ஒரு நம்பர வை, போயிட்டே இரு.

சரி, இது எங்க உதைக்குதுன்னா, கெமிஸ்ட்ரி வர்ற இடத்துல. கால்சியம் குளோரைடு கரைசல் ஒரு பக்கம், சோடியம் கார்பனேட் கரைசல் இன்னொரு பக்கம், ரெண்டும் மணலுக்குள்ள பக்கத்துல பக்கத்துல ஓடுதுன்னு வைங்க. தொடுற எடத்துல மெல்லிசா ஒரு கோடு, அங்க மட்டும் கால்சியம் கார்பனேட் படியும். சராசரி மாடலுக்கு அந்தக் கோடு தெரியாது, அது எடத்த கட்டம் கட்டமா பிரிச்சுத்தான் கணக்கு போடும், கட்டத்துக்குள்ள ரெண்டு கெமிக்கலும் இருக்கு, அப்ப கட்டம் முழுக்க கலந்துருச்சுன்னு நெனச்சு படிவ ஏகத்துக்கும் கூட்டிக் காட்டிரும். நெசத்துல என்ன ஆகுதுன்னா, படிஞ்ச சுண்ணாம்பே நடுவுல சுவரா நின்னு, ரெண்டு கரைசலும் சேரவிடாம தடுத்துருது! சந்து சந்தா பாத்தாதான் இது பிடிபடும்.

அதுக்குத்தான் ஹைப்ரிட். அந்தக் கோட்ட ஒட்டின கொஞ்ச எடத்துக்கு மட்டும் துகள் அளவுல ஃபுல் கணக்கு, மிச்ச எடத்துக்கெல்லாம் டார்சி. கேக்க சுலபமா இருக்குல்ல? ஒட்டு போடுற எடத்துலதான் வில்லங்கமே. துகள் மாடலுக்கு ஒவ்வொரு புள்ளியிலயும் வேகம் வேணும், டார்சி பக்கம் சராசரி ஒண்ணத்தான் குடுக்கும், அந்த ஒரு சராசரிய எத்தனையோ விதமா பிரிச்சுப் போடலாம், எது சரின்னு யாரு சொல்றது? இன்னொன்னு நேரம். இந்தப் பக்கம் மில்லிசெகண்ட் கணக்குல நகரும், அந்தப் பக்கம் மணிக்கணக்குல தாவும். எப்படி ஒட்டினாலும் சரி, இங்கருந்து போன தண்ணி மொத்தமும் அங்க வந்து சேரணும், மளிகைக் கடை வரவு செலவு மாதிரி, ஒரு சொட்டு இடிச்சாலும் நாள் ஆக ஆக அது பெருசாயிரும். இப்ப டேட்டாவ பாத்து தானா கத்துக்குற நியூரல் நெட்வொர்க்க கொண்டுவந்து ஒரு பக்கத்து மாடலுக்கு பதிலா வச்சுட்டு அதையும் ஹைப்ரிட்ங்குறாங்க, வேகம் நல்லாத்தான் இருக்கு, ஆனா இந்த வரவு செலவ தனியா கட்டிப்போடலன்னா அது பாட்டுக்கு தண்ணிய உண்டாக்கும், முழுங்கும், எனக்கு அதுல இன்னும் முழு நம்பிக்க வரல.

பெரிய அளவுல இதே வித்தைய பாக்கணும்னா நார்வே போகணும். வடகடல்ல ஸ்லைப்னர்னு ஒரு கேஸ் வயல், அங்க வர்ற கேஸ்ல 9 சதவீதம் போல கார்பன் டை ஆக்சைடு, விக்கணும்னா அத 2.5-க்கு கீழ கொண்டுவரணும், காத்துல விட்டா கார்பன் வரி, அதனால 1996-லருந்து பிரிச்சு எடுத்து கடலடிக்கு கீழ உட்சிரான்னு ஒரு மணல்பாறையில செலுத்துறாங்க. உப்புத்தண்ணிய விட அது லேசு, அதனால விறுவிறுன்னு மேல ஏறி, கேஸ மேல விடாத மூடிப்பாறைக்கு அடியில முட்டி, பரவுது. பரவுன படலத்தோட நீளம் கிலோமீட்டர் கணக்கு, தடிமன் சில மீட்டர். அவ்வளவு மெல்லிசுல மேலயும் கீழயும் என்ன ஓட்டம் இருக்கப்போகுது, அந்தத் திசையவே கணக்குலருந்து தூக்கிரலாம், 3டி 2டி ஆயிரும். இதுவும் புதுசில்ல, கிணத்துக்கு 1863-லயே துபுயின்னு ஒரு பிரெஞ்சு இன்ஜினியர் பண்ணதுதான். ஆனா கேஸ செலுத்துற குழாய் வாய்க்கிட்ட அது நடக்காது, அங்க ஓட்டம் முக்காவாசி மேல் நோக்கித்தான், அதனால அங்க மட்டும் முழு 3டி.

பின்வரிசையில ஒரு தம்பி கேட்டாரு, எங்க எந்த மாடல்னு யாரு சார் முடிவு பண்றதுன்னு. நல்ல கேள்வி. கம்ப்யூட்டர் புரோகிராமே பண்ணும் தம்பி. ஒவ்வொரு ஸ்டெப்புலயும் அந்தந்த எடத்துல கேஸும் தண்ணியும் முழுசா மேல கீழன்னு பிரிஞ்சுருச்சான்னு பாக்கும், பிரிஞ்சுருந்தா 2டி, இல்லன்னா 3டி. எல்லையில நிமிஷத்துக்கு ஒரு தடவ மாறி மாறி ஆடாம இருக்க, சுத்தி ஒரு வரிசை கட்டத்த எப்பவும் 3டியாவே விட்டு வைக்கிறது வழக்கம். ஸ்லைப்னர்ல இன்னொரு சிக்கல், மணலுக்கு நடுவுல ஒரு மீட்டர் தடிமன்ல களிப்பாறை அடுக்குங்க, செலுத்துன கேஸ் ஒம்பது அடுக்கா பிரிஞ்சு நிக்குறத சீஸ்மிக் படத்துல, அதாவது அதிர்வலைய பூமிக்குள்ள அனுப்பி எதிரொலிய வச்சு எடுக்குற படத்துல பாத்தாங்க. அதனால ஒவ்வொரு அடுக்குக்கும் தனித்தனி 2டி, ஒரு அடுக்குலருந்து அடுத்ததுக்கு கசியுற ஓட்டைய மட்டும் தனியா சேக்கணும். அந்த ஓட்டைங்க எங்க இருக்குன்னு சீஸ்மிக்ல பெரும்பாலும் நேரா தெரியாது, அத ஊகிச்சுத்தான் போடுறாங்க.