இதல்கசின்னயிலிருந்து அப்புத்தளைக்கு நடை: ரெயின்கோட்டை வீட்டில் விட்டவன் கதை

வணக்கம் மக்களே. குரல் கேட்கிறதா? காற்று இந்த அடி அடிப்பதால் கொஞ்சம் கத்தித்தான் பேச வேண்டும். இப்போதுதான் இலங்கை மலைநாட்டு இதல்கசின்னயில் கோச்சியை விட்டு இறங்கினேன். இந்த ஸ்டேஷன் 1,615 மீட்டர் உயரம், அப்புத்தளை 1,431. அதனால்தான் இங்கிருந்து அங்கே நடக்கிறேன். அங்கிருந்து இங்கே ஏற எனக்கென்ன வேண்டுதலா?

கேமராவைத் திருப்புகிறேன், பாருங்கள். இடது பக்கம் ஊவா மேட்டுநிலம். தகரக் கூரை எல்லாம் வெயிலில் மின்னுகிறது. இப்போது வலது பக்கம். ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை. வானம் தெளிந்த நாளில் உடவளவைக் குளம் வரை தெரிகிற இடம் இது. ஜூலை மாதம், கச்சான் காற்றுக் காலம். தென்மேற்கிலிருந்து வரும் ஈரக்காற்று இந்த மலைச்சுவரில் முட்டி மேலே ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. முகடு தாண்டி ஊவாவில் இறங்கும்போது காய்ந்துவிடுகிறது. நானோ கச்சான் காற்றில் நின்று கச்சான் கடலை கொறித்துக்கொண்டிருக்கிறேன். பாதி கையில், பாதி காற்றில்.

தேயிலை மலையில் ஓர் அக்காவைப் பார்த்தேன். இடுப்பில் படங்குச் சாக்கு, முதுகில் கூடை. “தம்பி, வெயிலப் பாத்து ஏமாறாதீங்க. பள்ளத்துல வெள்ள மேகம் ஏறுது பாருங்க” என்றார். ரெயின்கோட் இல்லை என்றதும் சிரித்துவிட்டார். இந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்கு அந்தத் தனி வாசம் வருகிறது, ஏலத்தில் நல்ல விலையும் கிடைக்கிறது. ஆனால் இப்படிக் காய்கிற காலத்தில் கொழுந்து மெதுவாகத்தான் வரும். “வாசம் தேயிலைக்கு, கொறஞ்ச கிலோ எங்களுக்கு” என்று சொல்லிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விட்டார். கை ஒரு நொடிகூட நிற்கவில்லை.

சரி, இது தங்கமலைக் காடு. வெளிச்சம் போய்விட்டது, லென்ஸ் முழுக்க ஆவி. அக்கா சொல்லிக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை, கொட்டித் தீர்த்துவிட்டது. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்பார்களே, இங்கே மரங்களே தூவானம். கிளையெல்லாம் பாசி. இந்தப் பாசியைப் பிழிகிறேன் பாருங்கள்... ஒரு பிடியில் இவ்வளவு தண்ணீர்!

அப்புறம் அட்டை. காலுறையில் சவர்க்காரம் தேய்த்துத்தான் வந்தேன், மழை அதைக் கழுவிவிட்டது. நூல் மாதிரி ஒன்று நிமிர்ந்து நின்று என்னைத் தேடுகிறது. தெரிகிறதா? இழுக்காதீர்கள், உப்புத் தண்ணீர் பட்டால் தானே விழும். வேர்கள் வழுக்குவதால் ஓடவும் முடியாது. இரண்டு தடவை உட்கார்ந்தே இறங்கினேன், அதைப் படம் எடுக்கவில்லை.

காட்டின் முடிவில் அதிஷம் பங்களா. 1931-இல் தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலேயர் கட்டிய கல் வீடு, இப்போது பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். இங்கே விற்கிற ஜாம் வாங்காமல் போனால் வீட்டில் அம்மா விடமாட்டார்.

இப்போது அப்புத்தளை டவுன். சுள்ளென்று வெயில். ரோடு காய்ந்து கிடக்கிறது, என் சட்டையில் மட்டும் தண்ணீர் சொட்டுகிறது. பிளேன்டீ ஊற்றிய கடைக்கார அண்ணன் மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்கிறார்: “எங்க தம்பி விழுந்தீங்க?”