பழைய ரேடியல் ஆர்ம் ரம்பத்தில் தொங்கும் பல் விரல்கள் எதற்கு?

[திரையில்: தூசி படிந்த ரம்பம். கேமரா பிளேடு மூடியை நெருங்குகிறது.]

பழைய ரேடியல் ஆர்ம் ரம்பம் வாங்கினால், பெயர் தெரியாத இரும்புச் சாமான் ஒன்றாவது கூடவே வந்துவிடும். பலரைக் குழப்புவது இதுதான். பிளேடு மூடியின் ஒரு முனையில் செருகிய கம்பி, அதன் அடியில் பல் வெட்டிய இரும்பு விரல்கள். கையேடு எப்போதோ தொலைந்திருக்கும். பரவாயில்லை, சாமானையே கேட்போம். ஆனால் முதலில் பிளக்கைப் பிடுங்குங்கள். ஸ்விட்சை அணைத்தால் போதாது.

1922இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ரேமண்ட் டிவால்ட் உருவாக்கிய இயந்திரம் இது. மேசைக்கு மேலே நீளும் கையில் மோட்டாரும் பிளேடும் தொங்கியபடி ஓடும். குறுக்கே அறுக்க, பிளேடை நம் பக்கம் இழுக்கிறோம். நெடுக்காக அறுக்க, மோட்டாரை 90 டிகிரி திருப்பிப் பூட்டிவிட்டுப் பலகையைத் தள்ளுகிறோம். விரல்களுக்கு வேலை வருவது இந்த நெடுக்கு அறுப்பில்தான்.

[திரையில்: விரல்கள், மிக அருகில்.]

ஒரு விரலைத் தொட்டுப் பாருங்கள், தளர்வாக ஆடும். துருப்பிடித்து ஆடாமல் நின்றால் அதைச் சரிசெய்யும் வரை நெடுக்கு அறுப்பு வேண்டாம். இப்போது ஒரு துண்டுப் பலகையை அடியில் தள்ளுங்கள். பிளேடு பக்கமிருந்து வெளியே தள்ளினால் விரல் மேலே உரசிக்கொண்டு வழிவிடும். அதே பலகையைப் பின்னுக்கு இழுத்தால் பல் மரத்தில் பதிந்து நின்றுவிடும். சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி ஒரு திசைக்கு மட்டும் அனுமதி.

காரணம் இருக்கிறது. நெடுக்கு அறுப்பில் பிளேடின் அடிப்பற்கள் தள்ளுபவரை நோக்கித்தான் ஓடுகின்றன. சில மரங்கள் அறுபட்டதும் உள்ளிறுக்கத்தால் மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும். அந்த நொடியில் பலகை நம் வயிற்றை நோக்கிப் பாயும். அதைப் பிடித்து நிறுத்தத்தான் இந்த விரல்கள். நடுவில் மெல்லிய வட்டத் தகடு இருந்தால், அது அறுத்த இடைவெளிக்குள் ஓடி, மரம் மூடாமல் பார்த்துக்கொள்ளும். தகடு பிளேடுக்கு நேர்கோட்டில் இருக்க வேண்டும்.

ஆக, விரல்கள் இருப்பது பலகை வெளியேறும் பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து பலகையைச் செலுத்தவே கூடாது. செலுத்தினால் பிளேடு பலகையைப் பறித்துக்கொண்டு ஓடும், கையும் கூடவே போகலாம். பல பழைய மூடிகளில் இதே எச்சரிக்கை எழுதியிருக்கும். பெயிண்ட் உதிர்ந்ததால் நாம்தான் கவனிப்பதில்லை.

[திரையில்: கம்பியின் திருகைத் தளர்த்தும் கை.]

உயரம் வைப்பது எளிது. நெடுக்கு அறுப்புக்கு, விரல் நுனி பலகையின் மேற்பரப்புக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் கீழே தொங்கும்படி இறக்குங்கள். குறுக்கு அறுப்பில் இடைஞ்சல் என்று பலர் கழற்றிப் பெட்டியில் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பிடிக்காது. பலகை, அதைச் சாய்த்து வைக்கும் பின்கட்டை இரண்டில் எது உயரமோ அதற்கு 3 மில்லிமீட்டர் மேலே ஏற்றி வைத்தாலே போதும். பிளேடின் முன்விளிம்புக்குக் கை போகாமல் ஓரளவு தடுக்கும்.

அப்புறம், பற்களை நகத்தால் வருடிப் பாருங்கள். மழுங்கியிருந்தால் அரத்தால் கூராக்கிய பிறகு மாட்டுங்கள்.